மாமன் வந்த வழி

கார்த்திகா டீச்சருக்கு எதையும் ஸ்லைடு போட்டு விளக்கினால்தான் மனசு ஆறும். சிலமலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறவள். வீட்டில் மிக்சி ரிப்பேர் என்றால்கூட காரணம், விளைவு, தீர்வு என்று பிரித்துத்தான் சொல்வாள். புருஷன் விஜயபாண்டி, பாவம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிக்சியைக் கடைக்குத் தூக்கிப் போவார்.

ஆனால் மகளின் காதுகுத்து வீடியோவை லேப்டாப்பில் வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். வீடியோவிலோ பிள்ளை சித்தப்பன் மடியில் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஜீப்பு ஓட்டும் அண்ணன் முத்துக்கண்ணன் சீர்த்தட்டோடு வந்து சேர்வதற்குள், நல்ல நேரம் போகுது என்று மாமனார் மொக்கையன் அவசரப்படுத்திவிட்டார். ரோட்டில் மரம் விழுந்துகிடந்ததை அண்ணன் சொன்னபோது, "கெளம்புனதே லேட்டு" என்றார். அன்றைக்குப் போனவன்தான், தங்கச்சி வாசலை மிதிக்கவில்லை. நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

காதுகுத்தன்று அண்ணனோடு ஜீப்பில் வந்த தோட்டத் தொழிலாளி மொக்கச்சாமியிடம் கேட்டு ஒரு போட்டோ வாங்கினாள். பட்டுவேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அண்ணன் அரிவாளால் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். அதை வைத்து, மலைரோட்டை வளைவு வளைவாக வரைந்து, 'மாமன் வந்த வழி' என்று ஸ்லைடு செய்தாள். ஸ்லைடில் ஓடிய ஜீப்பு, அந்த ஸ்லைடைப் படமாக மாற்றி வீடியோவில் சேர்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. விட்டாளா? வளைவுக்கு ஒரு ஸ்லைடாக, ஜீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மறுபடி செய்து, காது குத்தும் காட்சிக்கு முன்னால் சொருகினாள்.

"நீ வராம வீடியோவப் போடமாட்டேண்ணே" என்று போனில் அடம்பிடித்ததில் முத்துக்கண்ணன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றான். "சோலி கெடக்கு, வெரசா போடு."

டிவியில் ஜீப்பு இறங்கியது. மரம் வந்தது, பட்டுவேட்டி வந்தது. "மரம் இம்புட்டுப் பெருசா?" என்று மொக்கையன் தலையைச் சொறிந்தார். அடுத்து வந்தது, பழைய பாடத்தின் ஸ்லைடுகளையே மாற்றிச் செய்ததில் டீச்சர் நீக்க மறந்த ஒன்று: 'இப்பாடத்தில் நாம் கற்றுக்கொண்டது என்ன?'

கார்த்திகாவுக்கு உயிரே போய்விட்டது. மொக்கையன் மெல்ல எழுந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"தாய்மாமன் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணும், டீச்சர்."

வீடே சிரித்தது. முத்துக்கண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"மொதல்ல இருந்து போடு."

"சோலி கெடக்குன்னியேண்ணே?"

"அது கெடக்கட்டும்."