சுடலையின் டிப்

பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தடிக்கும் குச்சியின் முனையில் ஒட்டும் தோல்துண்டை டிப் என்போம். எனக்குக் கடினமானதுதான் பிடிக்கும். அறை நண்பன் சுடலைக்கு மென்மையானது. ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அவன் இரும்பைத் தேய்த்து மழிக்கும் கிரைண்டிங் லைனில். இருவருக்கும் ஒரே குச்சி என்பதால் அவன் இஷ்டத்துக்கு விட்டிருந்தேன்.

"பஞ்சு மாதிரி இருக்குடா இது" என்பேன்.

"எனக்கு இதாம்ல தோது" என்பான்.

ஒரு ஞாயிறு, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் லைன்களுக்குள் போட்டி. அவனிடம் கேட்காமல் முந்தின நாளே கடினமான டிப்பை மாற்றி ஒட்டினேன். பந்து வேகமாகப் போகும், அவன் ஜெயிக்கட்டும் என்றுதான்.

மூன்று முறை அடித்தான். மூன்று முறையும் முனை வழுக்கியது. எதிரில் நின்ற சூப்பர்வைசர் பந்தைப் பார்க்கவில்லை.

"இன்னாபா, கை இப்படி நடுங்குது? எத்தினி நாளா?"

கிரைண்டரின் அதிர்வில் அவன் விரல்கள் மரத்துப்போய் மாதக்கணக்காகியிருந்தது. மென்மையான டிப், கை கோணினாலும் பந்தைப் பிடித்துக்கொள்ளும். கூடவே இருந்த எனக்கே தெரியாமல் போனது அதனால்தான்.

மறுநாள் கம்பெனி கேட்டிலேயே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் பை கட்டும்போது, "நீ நல்லதுக்குத்தாம்ல செஞ்ச" என்றான். ஜிப்பை நான்தான் இழுத்து மூடினேன்.

குச்சி என்னிடம் இருக்கிறது. மென்மையான டிப்பையே திரும்ப ஒட்டியிருக்கிறேன். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.