பாஸாகக் கூடாத டெஸ்ட்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பாதி என்றால் எத்தனை, லைசென்ஸ் வாங்காதவர்களையும் சேர்த்தா என்று கேட்பார். அதனால் இப்படிச் சொல்லலாம்: மெயின் ரோட்டு சிக்னலில் அவர் வண்டி நின்றால், எந்தப் பக்கத்திலிருந்தாவது ஒருவர் கண்ணாடியை இறக்கி "மிரர் சார்!" என்று கையாட்டாமல் சிக்னல் விழாது.

டிரைவிங் ஸ்கூலில் மற்ற பயிற்சியாளர்கள் முதல் நாளே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். முதல் வகுப்பு முழுக்கக் கண்ணாடிதான். உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. எதை எப்போது பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது. வெறித்துப் பார்க்கக் கூடாது, மறந்தும் விடக் கூடாது. பட்டப்பெயர் வந்தது அப்படி.

வண்டிக்குள் அவர் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. பேசுகிற இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மேம்பாலம் கட்டிய கதை, டயர் தேயும் கதை, எந்தத் திருப்பத்தில் மழைத் தண்ணீர் நிற்கும் என்கிற கதை எல்லாம் வரும். அவரையே எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்தால் கதை வேறு. சிரிப்பார், தலையாட்டுவார், நலம் விசாரிப்பார். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "அப்பாவுக்கு பேட்டரி இறங்கிடுச்சு, விட்டுடு" என்பார் அம்மா. மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழகிய வாக்கியம் அது.

அந்த அம்மா போன வருடம் இறந்துபோனார். சிறுநீரகம்.

அன்று வீட்டுக்குள் கூட்டம். தெருவில் அதைவிடக் கூட்டம். அவர் உள்ளே இல்லை. வாசலுக்கு வெளியே, தெருமுனையில் நின்று, வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாகக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். "வரட்டும், வரட்டும், இன்னும் கொஞ்சம், நில்லு." கடைசி வண்டி வந்து சேரும்வரை அப்படியே நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அவருடைய அக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நெஞ்சில் பட்டதை நாக்கில் தள்ளிவிடுகிற ஆள்.

"பொண்டாட்டி உள்ள கிடக்குறா. இவன் இங்க ரிவர்ஸ் பாத்துக்கிட்டு நிக்கிறான். கல்லுடா நீ. கல்லு."

எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் சொந்தத்தில் அவர் கல் என்பது முடிந்துபோன தீர்ப்பு.

அவர் கோபப்படவில்லை. வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அவருக்குத் தூக்கம் வராது; அந்தச் சொல்லும் அப்படித்தான் உள்ளே கிடந்து தட்டிக்கொண்டிருந்தது. நான் கல்லா? இல்லை என்று சொல்ல அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. முப்பது வருடம் உடன் வாழ்ந்தவள் போனதற்கு ஏன் அழ வரவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்தாக வேண்டும்.

வழி ஒரு டீச்சர் மூலமாக வந்தது. நாற்பது வயதுக்கு மேல் வண்டி பழக வந்தவர். சிவப்பு விளக்கில் நின்றபோது ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொன்னப்புறம்தான் தெரியும். க்ளட்ச்ல இருந்து காலை எடுங்க."

"நீங்க அப்படியே எங்க பையன் மாதிரி சார்."

"பையனுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு."

"எனக்கு அம்பத்தெட்டு."

டீச்சர் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "பாத்தீங்களா, அவனும் இதையேதான் சொல்லுவான்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விவரம் சொன்னார். பையனுக்கு ஆட்டிசம். அவன் அழ வேண்டிய இடத்தில் அழ மாட்டான். அவனுடைய நாய் செத்த அன்று நாள் முழுக்க அதன் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தானாம். இவர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். அன்று டீச்சர் மேற்கொண்டு வண்டி ஓட்டவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

சாயங்காலம் மகளிடம் சொன்னார். மகள் பம்ப் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பொறியாளர்.

"எனக்கு ஆட்டிசம் இருக்கலாம்." டயரில் காற்று குறைந்திருக்கலாம் என்பதுபோலச் சொன்னார்.

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "இருக்கலாம்ப்பா."

"இருக்கலாம்னு வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? லைசென்ஸ் இருக்கலாம்னு யாராவது வண்டி எடுப்பாங்களா? முறையாப் பாத்து யாராவது சொல்லணும்."

அக்கா காதுக்கும் சேதி போயிற்று. போனிலேயே பிடித்துக்கொண்டார். "அம்பத்தெட்டு வயசுல எனக்கு என்னன்னு டாக்டரைப் போய்க் கேப்பியா? என்னைக் கேளு, நான் சொல்றேன். திமிரு."

அவர் அசரவில்லை. ஆட்டிசம் பார்க்கிற இடங்களின் போன் எண்களை மகள் தேடிக் கொடுத்தார், இவர் கூப்பிட்டார். எல்லா இடத்திலும் ஒரே பாட்டுதான்.

"குழந்தை பேர் சொல்லுங்க சார்."

"குழந்தை இல்லம்மா. எனக்குத்தான்."

"சரி சார், உங்க பேர் போட்டுக்கறேன். குழந்தைக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

எதிர்முனையில் பக்கத்தில் யாரிடமோ கேட்பார்கள். பிறகு, பெரியவர்களைப் பார்ப்பதில்லை என்று வரும். கடைசியில் ஓர் இடத்தில் பார்ப்பதாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்.

அங்கேயும் காத்திருப்பு அறை முழுக்கக் குழந்தைகளுக்கானதுதான். மஞ்சள் பிளாஸ்டிக் சறுக்கு, சுவரில் யானை, முழங்கால் உயர நாற்காலிகள். அவர் யானைக்குக் கீழே, முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் செருப்பு. எதிரில் ஒரு சிறுவன் லாரிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். இவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யவில்லை.

உளவியலாளர் மகள் வயதுப் பெண். எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. மகள் வெளியே உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது முகத்தில் வெற்றிக் களை.

"எப்படிப்பா போச்சு?"

"பிரமாதம். ஒரு தப்பு இல்லை. கண்ணைப் பாத்துப் பேசினேன். சரியான இடத்துல சிரிச்சேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். படம் காட்டிக் கதை சொல்லச் சொன்னாங்க, ஏத்த இறக்கத்தோட சொன்னேன். இன்னிக்குப் பாத்ததை மட்டும் வச்சுச் சொன்னா ஒண்ணும் தெரியலன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

மகள் அவரையே பார்த்தார். "அப்பா, நாம எதுக்கு வந்தோம்?"

"டெஸ்டுக்கு."

"இதுல பாஸானா எப்படிப்பா?"

அவர் நடையை நிறுத்தினார். டெஸ்ட் என்றாலே அவருக்குக் கைகால் தானாக ஓடிவிடும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே: கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, பார்க்கிறோம் என்பது பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும், கழுத்தைத் திருப்பு. அவர் கழுத்தைத் திருப்பிவிட்டு வந்திருக்கிறார்.

"ஐயையோ" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா போனபிறகு மகள் அந்தச் சிரிப்பைக் கேட்பது அன்றுதான்.

நல்லவேளை, டாக்டர் கணக்கை மூடவில்லை. சின்ன வயதில் அவரைப் பார்த்த ஒருவரை அடுத்த முறை அழைத்துவரச் சொல்லியிருந்தார். அப்பா அம்மா இல்லை. பாக்கி இருப்பது ஒரே ஆள்.

அக்கா ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். "வரேன்டா. வந்து உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வரேன். குடும்பத்து மானம் போகக் கூடாது பாரு."

இந்த முறை மகளும் உள்ளே உட்கார்ந்தார். அக்கா சொன்னபடியே ஆரம்பித்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தம்பியைப் போலச் சமர்த்துப் பிள்ளை தெருவிலேயே கிடையாது என்றார்.

"சமர்த்துன்னா எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

"ஒரு தொந்தரவு இல்லை. மத்த பிள்ளைங்க கிட்டயே போக மாட்டான். வாசல்ல உக்காந்து போற வர்ற சைக்கிளை எண்ணிக்கிட்டு இருப்பான். நாள் பூரா. ஒரே சட்டைதான் போடுவான், புதுசு போட்டா குத்துதுன்னு கழட்டி எறிவான். மூணு வயசு வரைக்கும் பேச்சே இல்லை. அப்புறம் பேசினான் பாருங்க, பெரிய மனுஷன் மாதிரி முழுசா. நம்ம சொன்னதையே திருப்பிச் சொல்லுவான். மத்தபடி ஒண்ணும் இல்லை."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அக்காவுக்கு உற்சாகம் கூடியது. சாட்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்தது.

பிறகு டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "சார், போன தடவை நீங்க ரொம்ப இயல்பாப் பேசினீங்க. எப்படிப் பேசினீங்கன்னு சொல்லித்தர முடியுமா? நான் உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கேன்னு வச்சுக்குங்க."

சொல்லித்தருவது என்று வந்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது இருவரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணை நேராப் பாத்தா எனக்குப் பேச்சு காதுல விழாது. அதனால கண்ணாடி மாதிரி. ஒரு பார்வை, எடுத்துடணும். ஒரு வரி கேக்கணும், மறுபடியும் ஒரு பார்வை. எதிராளி தோள் குலுங்கினா சிரிக்கணும். ஜோக் அப்புறமா புரிஞ்சாப் போதும். குரல் இறங்கினா தலையை மெதுவா ஆட்டணும். காலேஜ் நாள்ல பஸ் ஸ்டாப்ல நின்னு பாத்துப் பாத்து எடுத்தது. என் சம்சாரம்தான் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தா. அவகிட்ட மட்டும் எதுவும் பண்ண வேண்டியதில்லை."

"அவங்க இறந்த அன்னிக்கு என்ன பண்ணினீங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி நிறுத்தினேன். எங்க தெரு குறுகல். நாலு வண்டி வந்தா சிக்கிக்கும், ஹாரன் அடிப்பாங்க. அவளுக்கு ஹாரன் சத்தம் ஆகவே ஆகாது. கடைசி மாசமெல்லாம் காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருப்பா. அன்னிக்கு ஒருத்தனும் ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். ஒருத்தனும் அடிக்கலை."

அக்கா கேட்டார். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"அப்போ உனக்குத் துக்கம் இருக்காடா?"

"இருக்குக்கா."

"எங்கடா வச்சிருக்க? ஒரு நாள் கண்ணுல பாக்கலையே."

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "மத்தியானம் அவ போன் பண்ணுவா. ஓட்டிக்கிட்டுப் பேசக் கூடாதுல்ல, வண்டியை ஓரம் கட்டித்தான் எடுப்பேன். இப்பவும் அந்த நேரம் வந்தா ஓரம் கட்டச் சொல்லிடுவேன். கொஞ்ச நேரம் நிப்போம். பழக வர்ற பிள்ளைங்க அதையும் பாடம்னு நினைச்சுக்கறாங்க. கண்ணாடியைப் பாத்து, கை காட்டி, அழகா ஓரம் கட்டறாங்க. நான் ஒண்ணும் சொல்றதில்லை."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அழாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அறையில் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். அறிக்கை எழுதச் சில வாரம் ஆகும், பதிலை இப்போதே சொல்லிவிடலாம் என்றார். ஆட்டிசம்தான். பிறந்ததிலிருந்தே. சந்தேகம் இல்லை.

"சந்தேகம் இல்லைன்னா எவ்வளவு இல்லை?"

"கொஞ்சம்கூட இல்லை சார்."

"சரி" என்றார். எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் பழைய கோணத்தில் திருப்பி வைத்தார்.

திரும்பும் வழியில் அக்கா பின் இருக்கையில் ஏறியதும் போனை எடுத்தார். சித்தப்பா மகன், பெரியம்மா மருமகள், மனைவியின் தங்கை என்று வரிசையாக. கல் என்று எந்தக் காதுகளில் போட்டாரோ அதே காதுகள்.

"ஆமாடி, டாக்டரே சொல்லிட்டாங்க. அவனுக்கு ஆட்டிசமாம். இல்லடி, ஒட்டாது. இந்த வயசுல வரல, பொறக்கும்போதே. நான்தான் கண்டுபிடிச்சேன், எல்லா விவரமும் நான்தான் குடுத்தேன். கேளு, நான் அன்னிக்கு வாசல்ல ஒண்ணு சொன்னேன் பாரு, அது தப்பு. ஆமா, நான்தான் சொல்றேன், தப்பு. அவன் எதுக்கு அங்க நின்னான் தெரியுமா? ஆம்புலன்ஸ் வர்றதுக்கு வழி விடத்தான் நின்னான்."

"ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி.

"இருடி, பக்கத்துல இருந்து திருத்தறான். ஹாரனாம். ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு நின்னானாம். அவளுக்கு ஆகாதாம்டி, அந்தச் சத்தம்."

அதற்குமேல் அக்காவால் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் மனைவியின் தங்கை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது ஸ்பீக்கரில் கேட்டது. தம்பி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். கையைப் பின்னால் நீட்டிப் போனை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

"நீ சொல்லும்மா" என்றார். "நடந்தபடி சொல்லு."