பிரமிளா அக்காவின் ஹெட்போனில் கேட்டது

பிரமிளா அக்கா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்குள் வரும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் எழுதியிருந்தார்: ‘நம் குழுவின் இனிய குரல் ஓய்ந்தது.’ கூடவே ஒரு படம். ஆண்டு விழாப் படத்திலிருந்து அக்காவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். பக்கத்தில் தலைவருடைய பட்டுச் சட்டையின் தோள் பாதி தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் முதலில் வந்தது. இனிய குரலாம்! அந்தக் குரலை அவர் என்ன பாடு படுத்தினார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பெயரை மட்டும் இதில் எங்கும் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

அக்கா இருபது வருடம் எங்கள் குழுவில் கோரஸ் பாடினார். மற்ற நேரமெல்லாம் அவனியாபுரத்து மாடி வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். “கோவத்த மட்டும் தமிழ்ல காட்டுனாத்தான் தம்பி எனக்குத் திருப்தியா இருக்கு” என்பார். நான் கீபோர்டு வாசிப்பவன். குழுவில் அக்காவின் கோபத்தை அதிகம் வாங்கியவனும் நான்தான்.

போன வருடம் தலைவர் ஒரு அம்மன் பாட்டுக்கு மெட்டமைத்தார். பெண் குரல்கள் எல்லாம் வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து அனுப்புங்கள், பிடித்த குரலை எடுத்துக்கொள்கிறேன் என்றார். இருபது வருடக் கோரஸுக்குப் பிறகு அக்காவுக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாட வாய்ப்பு. மைக்கும் ஹெட்போனும் வாங்கித் தரும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தார். நான் அதிபுத்திசாலியல்லவா? மதுரை வெயிலில் காது வேர்த்துப் புழுங்குமே என்று, பின்பக்கம் வலை போட்ட, காற்றோட்டமான ஹெட்போனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். காற்று உள்ளே போகும் வழியாகச் சத்தம் வெளியே வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பதிவு செய்யும்போது தாளம் தப்பாமல் இருக்கக் காதுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் ஓடவேண்டும். கம்ப்யூட்டர் தரும் சத்தம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “பல்லு டாக்டர்கிட்ட வாயத் தொறந்து உக்காந்த மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து எவர்சில்வர் தூக்குச்சட்டியின் மூடியை எடுத்து வந்தார். கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. ஓரம் நசுங்கிய அந்த மூடி ‘டங்’ என்று தொடங்கி ‘ணக்’ என்று முடியும். அதைப் பதிவுசெய்து தாளமாக ஓடவிட்டேன். பக்கத்து விமான நிலையத்தின் சத்தம் இல்லாத இடைவெளி பார்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வடிய அக்கா பாடி அனுப்பினார்.

அடுத்த ஒத்திகையில் தலைவர் அந்தக் குரலை மட்டும் தனியாகப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். அக்கா மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் தூக்குச்சட்டி மூடி கேட்டது. ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்திருக்கிறது. “ஏக்கா, பாடச் சொன்னா சமையல் பண்ணிக்கிட்டே பாடியிருக்கீங்க? கொழம்பு கொதிச்சிருச்சா?” என்றார். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், தப்பு என்னுடையது என்று தெரிந்தும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோன். “என்னயப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சியில்ல? இப்ப என்கூடக் கடைக்கு வா.” டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில், “நல்ல பேஸ்க்கா, காது அதிரும்” என்றார் கடைக்காரர். “எனக்கு அதிர வேணாம்ப்பா, வெளிய கசியாம இருந்தாப் போதும்” என்றார் அக்கா. அதிர்கிற ஹெட்போனில் தன் சுருதி தனக்கே சரியாகக் கேட்காது, கீழே இறங்கிவிடும் என்று போட்டுப் பாடிப் பார்த்தே கண்டுபிடித்தார். பிறகு ஒரு சோதனை. பின்பக்கம் வலையில்லாமல் முதுகு மூடிய ஹெட்போன் ஒவ்வொன்றையும் என் தலையில் மாட்டுவார், மூடித் தாளத்தை ஓடவிடுவார், என் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் காதை வைத்துக் கேட்பார். கடைக்கு வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். “பாக்கட்டும். நேத்து பாத்த அளவுக்கு இல்ல” என்றார்.

மூன்றாவது கடையில் ஒன்று அமைந்தது. அழகு ஒன்றும் கிடையாது. மெத்தை காதைச் சுற்றி முழுசாக உட்கார்ந்தது, தலையை ஆட்டினாலும் நகரவில்லை. ஆனால் அக்கா தன் தலையில் மாட்டிக்கொண்டு என்னைக் கேட்கச் சொன்னபோது கொஞ்சம் கசிந்தது. அக்கா யோசித்து இரண்டு தோடுகளையும் கழற்றினார், கசிவு நின்றது. தோடு மெத்தையைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து பாட உட்காரும்போதெல்லாம் தோட்டைக் கழற்றி அந்தத் தூக்குச்சட்டி மூடிக்குள் போட்டுவைப்பார். தன் குரல் கேட்க ஒரு காதைத் திறந்துவிடுவது பாடகர்கள் வழக்கம். அக்கா காதிலிருந்து நகர்த்திய அந்த மெத்தையையும் கொண்டையோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். அங்கிருந்தும் ஒரு சொட்டுச் சத்தம் வெளியே போகாது.

புதிய பதிவு அவ்வளவு சுத்தமாக இருந்தது. தலைவர் அதைக் கேட்கவே இல்லை. “அது முடிஞ்சிருச்சுக்கா, மருமக பாடிருச்சு” என்றார். ஒரு மாதத்தில் பாட்டு இணையத்தில் வந்தது. மெட்டு, தலைவர். குரல், தலைவரின் மருமகள்.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டார். “தம்பி, இருக்கிற வேலைய விட்டுட்டு வா.” போனேன். ஹெட்போனை என் தலையில் மாட்டி, இணையத்தில் வந்த பாட்டை ஓடவிட்டார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் நின்று, குரல் மட்டும் ஒரே சுரத்தில் நீளும் இடம். அந்த நீட்டலுக்கு அடியில், மெலிசாக, மூன்று தட்டு. டங்... ணக். ஓரம் நசுங்கிய மூடி.

“இது யாரு வீட்டுத் தூக்குச்சட்டி?” என்று கேட்டார் அக்கா.

அன்று எங்களைச் சிரிக்க வைத்த அதே பதிவைத்தான் தலைவர் மருமகள் பெயரில் வெளியிட்டிருந்தார். மூச்சு விடும் இடங்களில் இருந்த தட்டையெல்லாம் வெட்டிவிட்டார். நீட்டலுக்கு அடியில் இருந்ததை வெட்டினால் குரலும் போய்விடும் என்பதால் விட்டுவிட்டார். ஃபோனிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அது கேட்காது. முதுகு மூடிய ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

அக்கா நேரில் போய்க் கேட்டார், நானும் உடன் இருந்தேன். “குடும்பமாப் பழகிட்டோம். இதப் போயி பெருசு பண்ணாதீங்க” என்றார் தலைவர். திரும்பி வரும் வழியில், மன்னித்து விட்டுவிடலாமே அக்கா என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “மன்னிக்கப் பெரிய மனசு வேணும் தம்பி. நான் வாடகை வீட்டுல இருக்கேன். அம்புட்டு எடம் எனக்கு ஏது?”

சித்திரைத் திருவிழாக் கச்சேரியில் அந்தப் பாட்டு வரும், அப்போது தூக்குச்சட்டியோடு மேடையேறுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மூடியைப் புளி போட்டு விளக்கியே வைத்திருந்தார். பங்குனியில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அக்காவின் வீட்டுக்காரர் அந்த ஹெட்போனை என் கையில் கொடுத்தார். “இது எனக்கு எதுக்குப்பா, நீயே வச்சுக்க” என்றார். நான்காம் நாள் தலைவர் ஃபோன் செய்தார். “ஞாயித்துக்கிழம ஒத்திகை ஹால்ல அக்காவுக்கு ஒரு அஞ்சலிக் கூட்டம் போடுறோம். அந்த அம்மன் பாட்ட மருமக பாடும். நீ கீபோர்டு வாசிச்சிரு.” செத்த பிறகும் அக்காவின் படத்துக்கு முன்னால் அந்தப் பாட்டையே பாடப்போகிறார்கள்! “வாரேன்ணே” என்றேன். அவ்வளவு பணிவாக நான் அவரிடம் அதற்கு முன் பேசியதே இல்லை.

கீபோர்டில் எந்த ஒலியையும் ஒரு கட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். தூக்குச்சட்டி மூடியின் பதிவு என்னிடம் இருந்தது. கடைசிக் கட்டையில் ஏற்றினேன்.

கூட்டத்தில் தலைவர் பத்து நிமிடம் பேசினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் நின்றன. மருமகளின் குரல் நீண்டது. நான் கடைசிக் கட்டையை மூன்று முறை அழுத்தினேன். இந்த முறை மெலிசாக அல்ல, ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அந்தச் சத்தம் என்னவென்று யாருக்கும் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரரைத் தவிர, அதே ஹாலில் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். மருமகள் சரணத்தை எடுக்கவில்லை. “என்னடா விளையாட்டு இது?” என்று தலைவர் எழுந்தார். நான் பையிலிருந்து அக்காவின் ஹெட்போனை எடுத்து, இணையத்தில் இருக்கும் அவருடைய பாட்டையே அந்த இடத்திலிருந்து ஓடவிட்டு, பக்கத்தில் இருந்த டிரம்ஸ் அண்ணனிடம் நீட்டினேன். அவர் கேட்டார். மறுபடி கேட்டார். “அடப்பாவி மனுசா” என்றார், என்னைப் பார்த்து அல்ல. ஹெட்போன் கைமாறிக்கொண்டே போனது. அக்காவின் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டபோது கண்ணை மூடிக்கொண்டார், வெகுநேரம் கழற்றவில்லை. கடைசியாக மருமகளிடம் வந்தது. அந்தப் பெண் அதை வாங்கவே இல்லை. “மாமா, அப்பவே வேணாம்னு நான் சொன்னேன்ல” என்றாள். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அஞ்சலிக் கூட்டத்தில் இப்படிச் செய்யலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். செய்யலாம். அக்கா இருந்திருந்தால் இன்னும் உரக்கத் தட்டியிருப்பார். எனக்கு ஒரே வருத்தம், அன்று முதலில் சிரித்த வரிசையில் நானும் இருந்தேன் என்பது. அதற்கு யாரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாளே தலைவர் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். பாட்டில் பெயரை இன்னும் மாற்றவில்லை. அவர் பாட்டில் அக்காவின் பெயர் வரும்வரை, நான் எழுதும் எதிலும் அவர் பெயர் வராது. போன வாரம் பரவையில் ஒரு கல்யாணக் கச்சேரியில் யாரோ விரும்பிக் கேட்டு அந்தப் பாட்டைப் பாடினார்களாம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் அண்ணன் குச்சியால் ஸ்டாண்டின் கம்பியில் மூன்று தட்டு தட்டியிருக்கிறார். தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஹெட்போன். இடது மெத்தையில் அவருடைய தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. தினமும் மாட்டிக்கொண்டுதான் வாசித்துப் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்கு எந்தச் சத்தமும் போவதில்லை. ‘ஆள் போயாச்சு, இனியாவது விட்டுவிடு தம்பி’ என்று நேற்றும் ஒருவர் புத்தி சொன்னார்.

எனக்கும் வாடகை வீடுதான், அக்கா.