குளிப்பாட்டிக் கூட்டி வந்த பிள்ளை

லுரீன் ரேட்லிஃபுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. குழாய் ரிப்பேருக்கு ஆள் வருகிறான் என்றால், அவன் படுத்து வேலை செய்யப் போகிற இடத்தை முதல் நாளே துடைத்து வைப்பாள். கிழக்குக் கென்டக்கியில், நிலக்கரி லாரி போகிற சாலையோரத்தில் வீடு வைத்துக்கொண்டு இப்படி ஒருத்தி இருந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். புருஷன் சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்துப் போய்ச் சேர்ந்தான். மிச்சம் இருந்தது மகன் டஸ்டின்தான்.

அவனும் சுரங்கத்துக்குத்தான் போனான். மேலிருந்து ஒரு பாறைத் துண்டு முதுகில் விழுந்தது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார், இன்னும் கொடுத்தார், ஒருநாள் சட்டென்று நிறுத்திவிட்டார். வலி நிற்கவில்லை. மாத்திரை போய்ப் போதைப் பவுடர் வந்தது. தங்கமான பிள்ளை, கண் முன்னால் கரைந்து போனான்.

மலைக்கு அந்தப் பக்கம் போதை மருத்துவமனை ஒன்று இருந்தது. படுக்கை காலி இல்லை, காலி இல்லை என்றே மாதக் கணக்கில் பதில் வந்தது. கடைசியில் ஒருநாள் போன் வந்தது, அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லி. லுரீனுக்குக் கை கால் ஓடவில்லை. போனை வைத்ததும் அவள் போய் நின்றது மகனுடைய கட்டில் பக்கத்தில்.

"டேய், எந்திரி. இந்தக் கோலத்துலயா அந்த மனுஷங்க முன்னாடி போய் நிக்கப் போற?"

"அம்மா, அது ஆஸ்பத்திரி. சர்ச் இல்ல."

"எதுவா இருந்தா என்ன? இந்த ஒரு வாரம் அந்தக் கருமத்தைத் தொடாம இரு. உனக்கும் மனசு இருக்குன்னு அவங்க பாக்கட்டும்."

டஸ்டின் சிரித்துவிட்டான். "சலவைக்குப் போடற துணியத் துவைச்சுக் கொண்டுபோய்ப் போடற பொம்பள உலகத்துலயே நீ ஒருத்திதான்."

சிரித்தானே தவிர, அம்மாவுக்காக நிறுத்தினான். அந்த வாரம் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமா? வேர்த்துக் கொட்டியது, குளிர் உதறியது, தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. கால்கள் தானாக உதைத்துக்கொண்டன. லுரீன் போர்வையை மாற்றினாள், துடைத்தாள், மறுபடி மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனாகவே எழுந்து வந்து, பீன்ஸ் குழம்பில் சோள ரொட்டியைப் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

திங்கட்கிழமை, தேய்த்த சட்டையும் சீவிய தலையுமாகக் கூட்டிப் போனாள். வரவேற்பு மேஜையில் கேரலின் என்ற பெண் இருந்தாள். சிறுநீர் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து, "ஒண்ணுமே இல்லையேம்மா, சுத்தமா இருக்கே" என்றாள்.

"ஆமாம்மா, ஒரு வாரமா தொடவே இல்ல." லுரீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கேரலின் முகம் சுருங்கியது. "இப்ப எடுத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் படுக்கை. மருந்து ஆரம்பிக்கணும்னாலும் சோதனையில போதை தெரியணும். இங்க அப்படித்தான் விதி. போதைய விட்டவங்க சேர்ந்து பேசற கூட்டம் வாரா வாரம் நடக்குது, அதுக்கு வரச் சொல்லுங்க."

இதை எங்கே போய்ச் சொல்வது? கால் ஒடிந்தவன் நொண்டிக்கொண்டே வாசல் வரை வந்துவிட்டான், நடக்கத்தான் முடிகிறதே என்று திருப்பி அனுப்புவார்களா? இங்கே திருப்பித்தான் அனுப்பினார்கள். வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் டஸ்டினைப் பார்த்துச் சொன்னான்: "சுத்தமா வந்தா யாருப்பா உள்ள விடுவா? எதையாவது போட்டுக்கிட்டு வா. உடனே எடுத்துப்பாங்க."

கார் வீட்டை நெருங்கும்போது, "நாளைக்கு மறுபடி வரலாம்மா" என்றான் டஸ்டின். திரும்பப் போய்க் கெஞ்சலாம் என்று சொல்கிறான் என நினைத்து, வரலாம்டா என்றாள் லுரீன்.

மறுநாள் காலையில் குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டாள், தட்டினாள், தோளால் முட்டிக் கதவைத் திறந்தாள். ஒரு வாரம் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. அவனுடைய பை வாசலில் தயாராக இருந்தது. தேய்த்த சட்டைகளை அவனே மடித்து வைத்திருந்தான்.

சாவு வீட்டுக்கு ஊரே சாப்பாடு கொண்டுவந்தது. அவரவர் பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்து லுரீன்தான் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காரை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனாள். அடுத்த திங்கட்கிழமையும் போனாள். கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கேரலின் முன்னால் நின்று, "என் பையன் ஒரு வாரம் பாடுபட்டான்மா. அதுக்கா திருப்பி அனுப்புனீங்க?" என்று கேட்பாள். காத்திருக்கிறவர்கள் காதிலும் விழும். கேரலினுக்குத் திங்கட்கிழமை வந்தாலே சோறு இறங்காமல் போயிற்று. கடைசியில் அவள்தான் மேலிடத்தில் போய்ப் போராடினாள். விதி மாறுவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது யார் வந்தாலும், எப்படி வந்தாலும், அன்றைக்கே டாக்டர் பார்க்கிறார், அன்றைக்கே மருந்து. அதற்குள் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ.

வாசல் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போவது அவள் வேலை.

போன மழைக்காலத்தில் ஒரு தாய் மகளைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் மேல்கோட்டெல்லாம் வாந்தி, காலெல்லாம் சேறு. கதவருகில் வந்த தாய், பளபளவென்றிருந்த தரையைப் பார்த்துக் கூசி நின்றுவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, ரெண்டு நாள் தெளிய வச்சுக் கூட்டிட்டு வர்றேன். டாக்டர் முன்னாடி இப்படியா நிறுத்துறது?"

லுரீன் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் இடுப்பில் கை கொடுத்தாள். வாந்தி அவள் கையிலும் ஒட்டியது.

"என் பையனை நான் குளிப்பாட்டித்தான் கூட்டிட்டு வந்தேன். சட்டைகூடத் தேய்ச்சுப் போட்டிருந்தேன்."

"அப்படியா? இப்ப எப்படிம்மா இருக்கான்?"

லுரீன் கதவைக் காலால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல இவ உள்ள போகட்டும்" என்றாள்.