தேறியவர்கள் உட்காரும் இடம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் எதையும் விழுங்கவில்லை. புகைக்கவும் இல்லை. இசைவிழாவில் நடந்தது என்று ஆரம்பித்தாலே கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். "நீ என்ன மாத்திரை போட்டிருந்தே?" என்கிறார்கள். காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, பிறகு மழைத் தண்ணீர். என் வயிற்றில் இருந்தது அவ்வளவுதான். நடந்ததும் பகல் வேளையில்தான்.

1970, ஆகஸ்ட் மாதம். பென்சில்வேனியாவில் ஒரு பால் பண்ணையின் மேய்ச்சல் நிலம். மூன்று நாள் விழா. என்னை அழைத்துப்போனவள் என் அக்கா கிளெண்டா. எனக்குப் பதினேழு வயது. பள்ளியை விட்டு நின்றுவிட்டிருந்தேன். புது ஆளிடம் பேச வேண்டும் என்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் ரொட்டி கேட்பதுகூட எனக்காக அவள்தான். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் விடியாது என்று நினைத்திருந்த காலம் அது.

ஞாயிறு மதியம் வானம் கறுத்தது. இடி. மேடைக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். பாட்டு நின்றது. மழை கொட்டத் தொடங்கியது. சாணியும் சேறும் முழங்கால் வரை. யாரோ கொடுத்த ஆரஞ்சு நிறப் போதை மாத்திரை ஒன்றை அக்கா அந்த நேரத்தில்தான் விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு என் முகமே தெரியவில்லை. "தரை கரையுது! தரை கரையுது!" என்று அலறினாள். முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு அமைதிக் கூடாரத்துக்கு ஓடினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

போதை திருப்பி அடித்தவர்களுக்கான கூடாரம் அது. ஊசி, மருந்து கிடையாது. படுத்திருப்பவர் பக்கத்தில் ஒருவர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார். உன் பேர் இது, நீ மாத்திரை சாப்பிட்டிருக்கே, இது போயிடும்... இதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அப்படி உட்காருபவர் டாக்டர் இல்லை. சற்று முன்பு அதே இடத்தில் கிடந்து அலறியவர். தேறியவர் அடுத்தவருக்குத் துணை இருக்க வேண்டும். அந்த அடுத்தவர் தேறினால் இவர் எழுந்து போகலாம். கூடாரத்தின் ஒரே சட்டம் அது.

பொறுப்பாளர் நாரிஸ் என்ற தாடிக்காரர். அக்காவை ஓரத்தில், கூடாரத் துணியை ஒட்டிப் படுக்க வைத்தார்.

"நீ தள்ளி நில்லு, தங்கச்சி. நீ அழறதைப் பாத்தா அவ இன்னும் மிரளுவா."

நனைந்த போர்வையைப் பிழிந்துகொண்டு வந்தேன். அதற்குள் அக்காவின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீல ஸ்வெட்டர். ஒற்றைப் பின்னல். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அக்காவின் அலறல் அடங்கியிருந்தது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மற்றவர்கள் எல்லாம் கையைத் தடவிக்கொடுத்தார்கள். இவள் தடவவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தாள். பேர் சொல்லவில்லை. இது போயிடும் என்றும் சொல்லவில்லை. "சீக்கிரம்... சீக்கிரம்..." என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அவள் பாதங்களைப் பார்த்தேன். செருப்பு இல்லை. சேறும் இல்லை. கணுக்கால் வரை வெள்ளைப் புழுதி.

காய்ந்த புழுதி.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நாரிஸிடம் போனேன். வாயைத் திறக்கவே பெரும்பாடாக இருந்தது. "அந்த... அந்தப் பொண்ணு யாரு?"

அவர் ஒருவனின் தலையைத் தாங்கி வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தேறினவங்கள்ல யாராவது இருக்கும். போலீஸ்காரன் மாதிரி விசாரிக்காதே, தங்கச்சி. வாசல்ல ஒரு ஷெரிஃப் நிக்கிறான். அவன் ஒருத்தன் போதும் எங்களுக்கு."

திரும்பி வந்தேன். அந்தப் பெண்ணின் உதடுகள் வெடித்திருந்தன. காகிதக் குவளையில் தண்ணீர் நிரப்பி நீட்டினேன். வாங்கினாள். வாயில் வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடிக் குடித்தாள். குவளையைத் திருப்பித் தந்தாள்.

தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"என்னமா வாசிக்கிறாங்க, கேட்டியா?" என்றாள்.

"யாரு? எங்க?"

"அதோ... குளத்துப் பக்கம். மேடையில."

மேடை குன்றுப் பக்கம் இருந்தது. அதுவும் இருண்டு கிடந்தது. குளத்துப் பக்கம் மாடுகள்தான் நின்றன.

"உங்க அக்கா சீக்கிரம் தேறிடுவா," என்றாள். "தேறினதும் இங்க உக்காருவா. அப்பதான் நான் போக முடியும்."



மாலை ஆறு மணி சுமாருக்கு அக்கா கண் விழித்தாள். "பாபி... தரை நின்னுடுச்சுடி," என்று சிரித்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "நீங்களா இவ்வளவு நேரம் இருந்தீங்க? பாவம், நீங்க எழுந்து போங்க. இனி நான் உக்காரறேன்."

அக்கா எழுந்தாள்.

அந்தப் பெண் எழவில்லை. சிரித்தபடி வைக்கோல் கட்டின் மேல் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். மணிக்கட்டை விடவும் இல்லை.

"உக்காராதே!"

கத்தியது நான்தான். கூடாரமே திரும்பிப் பார்த்தது.

"ஏன்டி கத்தறே? லூசு," என்றாள் அக்கா.

நான் அந்தப் பெண்ணை மட்டும் பார்த்தேன். "நீங்க தேறினப்ப... உங்களுக்குத் துணை உக்காந்தது யாரு?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

"யாரும் உக்காரல."

மழைச் சத்தம்...

"ஆள் வரும்னு சொன்னாங்க. வரல."

அக்காவின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. நான் அக்காவை இழுத்தேன். அசைக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் புரிந்தது. இவள் தேறியவள் இல்லை. இன்னும் தேறாதவள்.

சேற்றில் மண்டியிட்டேன். அந்தப் பெண்ணின் இன்னொரு கையைப் பிடித்தேன். எடையே இல்லை. ஆனால் வெயிலில் கிடந்த கல் மாதிரி கொதித்தது.

"உங்க பேர் என்ன?"

"...லோரெட்டா."

"லோரெட்டா. நீங்க மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. இது போயிடும். நான் இருக்கேன்."

சொன்னேன். மறுபடி சொன்னேன். ரொட்டி கேட்கத் தெரியாத நான், தொண்டை கட்டும் வரை சொன்னேன்.

கொதிப்பு குறைந்தது.

அக்காவின் மணிக்கட்டு விடுபட்டது.

மழை நின்றது.

என் கையில் கொஞ்சம் புழுதி மட்டும் இருந்தது.

நாரிஸிடம் அந்தப் பேரைச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் சொன்னாங்க உனக்கு?" என்றார். நான் திரும்பி அந்த ஓரத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார். "போன வருஷம் மேடை குளத்துப் பக்கம் போட்டிருந்தோம். வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். குடிக்கத் தண்ணி இல்ல, கூட உக்கார ஆளும் இல்ல. இதே ஓரத்துல படுக்க வெச்சு, 'ஆள் வரும்'னு சொல்லிட்டுப் போயிட்டோம். திரும்பி வந்தப்ப ரெண்டு பேருக்கும் மூச்சு இல்ல."

"ரெண்டு பேரா?"

"லோரெட்டா ஒருத்தி. பக்கத்துல ஒரு வாலிபன். அவன் பேர் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல. பேர் இல்லாமலேதான் புதைச்சாங்க."

அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நெடுஞ்சாலை வரை ஏற்றிச்செல்ல ஒரு பால் வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். பின்பக்கம் ஏறினோம். வேறு யாரும் இல்லை. வண்டி கிளம்பியது. அக்கா என் பக்கத்தில், உயிரோடு, தெளிவாக இருந்தாள். அன்று முதன்முறையாக ஒழுங்காக மூச்சு விட்டேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, பாபி," என்றாள்.

"ஏன்?"

"இவருக்கு இடம் வேணாமா?"

"...யாருக்கு?"

"என் கால்மாட்டுலயே இருந்தாரேடி இவ்வளவு நேரமும். நீ அந்தப் பொண்ணுகிட்ட அத்தனை பேசினே, இவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கிளம்பறப்ப என் இடது கையைப் பிடிச்சுக்கிட்டார். எப்படி விட்டுட்டு வர்றது? நான் தேறிட்டேன்ல. அடுத்தவருக்கு நான்தானே உக்காரணும்."

வெறும் மூலையைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய இடது கை எதையோ பற்றியிருந்தது.

"உங்க பேர் என்ன?" என்று அன்பாகக் கேட்டாள்.

காத்திருந்தாள். மறுபடி கேட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஞாபகம் இல்லையாம், பாபி."

அந்த இடது கை விரிந்து நான் இன்றுவரை பார்த்ததில்லை.