மாவுக் கார் எந்தப் பிரிவு?

எண்பதுகளில் நான் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தினமும் தோசை மாவு கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். விடிவதற்குள் ஆறு வாளி மாவைக் காரின் பின்னால் ஏற்றி ஃபெடரல் ஹைவேயில் கிளம்பிவிட வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்து வருஷத்தில் நான் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை, ஒரு சொட்டு மாவைச் சிந்தியதுமில்லை.

அதற்கான பேரெல்லாம் காருக்குத்தான் போனது.

"காடி நல்ல காடி லா தங்கச்சி. என்னமா பறந்து வருது!" என்பார், அந்த மூன்றில் பெரிய கடையை நடத்தும் அண்ணன். எங்கள் பேச்சில் கார் என்பது காடிதான்; 'லா' சும்மா ஒட்டிக்கொண்டு வரும். கிள்ளான் பக்கம் வரும்போது என் கணவரிடமும் இதையே சொல்வார். அவரும் பெருமையாகத் தலையாட்டுவார்.

"ஆமாண்ணே. அது அந்த மாதிரி காடி. யாரு ஓட்டினாலும் போகும்."

அந்த 'யாரு' நான்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவருக்கு, நான் ஓட்டுவது ஒரு வேலையாகவே தெரியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குமே தெரியாது. நான் வாழ்க்கையில் ஓட்டியது அந்த ஒரே காரைத்தான். நன்றாக ஓடுவது அதுவா, நானா? யாரிடம் போய்க் கேட்பது?

பதில் வொர்க்‌ஷாப் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் முதலாளி, எங்கள் காரைப் பழுது பார்க்கும் சீனத் தவுக்கே, தமிழும் மலாயும் கலந்து பேசுகிறவர். எண்ணெய் மாற்றப் போனபோது அவர் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். சுபாங் ஜெயாவில் ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டோகிராஸ்.

"இது என்னா தவுக்கே?"

"தரையில கோன் வைப்பான். ஒரு காடி மட்டும் சுத்தி வரணும். கடிகாரம் புடிப்பான். கோன் தட்டினா ரெண்டு செகண்ட் கூடும். அப்புறம் அடுத்த காடி."

"கீழ என்னமோ பிரிவு பிரிவுன்னு போட்டிருக்கே?"

"பெரிய வேலை செஞ்ச காடி அந்த மாதிரி காடிகூட. சும்மா காடி சும்மா காடிகூட. இல்லன்னா காடிதான் ஜெயிக்கும், ஆளு இல்ல லா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அட, இதைத்தானே ஐந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்! தவுக்கேயிடம் கெஞ்சி, நான்கு பக்க விதித்தாளை வாங்கி வந்தேன். அன்று மாலை கிரைண்டர் ஓட ஓட, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று பிரிவுகள். முதல் பிரிவில், கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்கள். இரண்டாவதில் ஸ்பிரிங், கார்புரேட்டர், டயர் மாற்றியிருக்கலாம். ஆனால் உள்ளே எல்லாம் வந்தபடி இருக்க வேண்டும். இதற்கும் மேல் கை வைத்ததெல்லாம் மூன்றாவது.

எங்களுடையது ஆயிரத்து இருநூறு சிசி பழைய ஜப்பான் கார். மாவு சுமக்கிற காரில் யார் என்ன மாற்றப் போகிறார்கள்? முதல் பிரிவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று மறுநாள் தவுக்கேயிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். பாரம் தாங்காமல் பின்பக்கம் தொங்குகிறதே என்று, என்றோ ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகியிருக்கிறார். பழைய கார்புரேட்டர் கெட்டபோது கையில் கிடைத்த பெரியதைப் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்லா ஓடுதுதானே?" என்றார்.

சரி, இரண்டாவது பிரிவு என்று வீட்டுக்கு வந்து தாளை மறுபடி எடுத்தேன். 'எல்லா இருக்கைகளும்' என்ற இடத்தில் கண் நின்றது. எங்கள் காரில் பின்சீட் ஏது? வாளி வைப்பதற்காக வாங்கிய மாதமே கழற்றியாயிற்று. பின்சீட் இல்லாவிட்டால் மூன்றாவது பிரிவு. எடையைக் குறைக்க உள்ளே சுரண்டியெடுத்த, உறுமுகிற கார்களெல்லாம் இருக்கும் இடம் அது. இது என்ன அநியாயம்! நாங்கள் சீட்டைக் கழற்றியது தொண்ணூறு கிலோவை ஏற்றுவதற்கு.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர்தான் கார்களைச் சோதிப்பவராம். யாழ்ப்பாணத் தமிழ். பொதுப்பணி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. என் வழக்கை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, சீட்டை ஏன் கழட்டினனீங்கள் எண்டு புத்தகம் கேக்கேல்லை. இருக்கோ, இல்லையோ? அதுதான் கேள்வி."

"மூணாவதுலயே ஓடினா என்னா அங்கிள்?"

"தாராளமா ஓடலாம். கடைசியா வருவீங்கள். அது காராலயோ உங்களாலயோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. எனக்குச் சீட் வேண்டும்.

சீட் எங்கே இருந்தது என்றால், என் கணவருக்கு அடியில். கழற்றிய நாளிலேயே அதைக் கூடத்தில் பாட்டில் பெட்டிகள் மேல் வைத்து, பாத்தேக் துணி போர்த்தி, டிவிக்கு நேரே போட்டுக்கொண்டார். அதில் நட்ட நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் போட்டால்தான் அவருக்குப் படம் பார்த்த மாதிரி இருக்கும்.

"ஏங்க, இந்த சீட்டு ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார்.

"மாவு காடிய வெச்சிக்கிட்டு ரேஸா? உனக்கென்னா கிறுக்கு புடிச்சிருச்சா? அப்ப நான் எங்க உக்கார்றது?"

"தரையில."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சனிக்கிழமை மாலை நான் ஸ்பேனரோடு காருக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பொறுக்க மாட்டாமல் அவரே வந்து பிடுங்கிக்கொண்டார். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த பழைய போல்ட்டுகளைத் தேடியெடுத்து, சீட்டை அசையாமல் பூட்டினார். மறுநாள் கூடவும் வந்தார். எனக்குத் துணையாக அல்ல, சீட்டைக் கிழிக்காமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக.

ஃபோனில் பேசிய அங்கிள், வெள்ளைச் சட்டையும் காதில் பென்சிலுமாக நின்றிருந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். குனிந்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார். பின்சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினார். பிறகு சீட்டுக்கு அடியில் காய்ந்திருந்த எதையோ நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"இதென்ன?"

"மாவு அங்கிள்."

"உளுந்து கூடப்போல கிடக்கு," என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார். "ரெண்டாம் பிரிவு."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஐந்து வருஷமாகக் கூடவே இருந்த காரை அன்றைக்குத்தான் ஒருவர் சரியாக எடை போட்டிருக்கிறார்.

"ஒரு காரை ரெண்டு பேரும் ஓட்டலாம்," என்றார், படிவத்தில் என் பெயருக்குக் கீழே இருந்த காலிக் கோட்டைக் காட்டி. "நேரம் வேற வேற."

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பக்கத்துக் கார்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல காடி பாஸ். யாரு ஓட்டினாலும்..." என்பதுவரை காதில் விழுந்தது. அவரைக் கேட்காமலேயே அந்தக் கோட்டில் அவர் பெயரை எழுதினேன்.

"நானா?" என்றார். உடனே சிரிப்பு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பாத்துக்க. உன் நேரத்துலேருந்து அஞ்சு செகண்டாவது கொறைச்சுக் காட்டுறேன்."

ஆளுக்கு இரண்டு சுற்று. நல்லதை எடுத்துக்கொள்வார்கள். அவர்தான் முதலில் போனார். கார் அலறியது. டயர் கிறீச்சிட்டது. வளைவில் பின்பக்கம் சறுக்கியபோது கூட்டம் கை தட்டியது. எனக்கே, ஐயோ இந்த மனுஷன் நிஜமாகவே ஓட்டுகிறாரே என்று தோன்றிவிட்டது. முதல் சுற்றில் ஒரு கோன் விழுந்தது. இரண்டாவது சுற்றில் எதையும் தட்டவில்லை. அறுபத்தொரு செகண்ட்.

அடுத்து நான் உட்கார்ந்தேன். எனக்கு ரேஸ் ஓட்டத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: பின்னால் ஆறு வாளி மாவு இருக்கிறது. பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் மாவு மூடியில் மோதும். திருப்பத்தில் வெடுக்கென்று ஒடித்தால் ஒரு பக்கமாக ஏறி வழியும். அதனால் வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்து, மெல்லத் திருப்பி, நேரானதும் முழுக்க அழுத்தினேன். டயர் சத்தமே போடவில்லை. யாரும் கை தட்டவில்லை. ரொம்ப மெதுவாக ஓட்டிவிட்டேன் என்று நினைத்து, வெட்கத்தோடுதான் காரை நிறுத்தினேன்.

ஐம்பத்தேழு. இரண்டாவது சுற்று ஐம்பத்தாறு.

எனக்குக் கோப்பை கீப்பையெல்லாம் கிடைக்கவில்லை, எங்கள் பிரிவில் நான்காவது. ஆனால் பலகையில் ஒரே கார் எண் இரண்டு இடங்களில் இருந்தது. மேலே ஒன்று, வெகு கீழே ஒன்று. என் கணவர் அதன்முன் ரொம்ப நேரம் நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், தாங்க முடியாத சந்தோஷம். அவர் முதுகைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

திரும்பும்போது அவர் முன்னால் ஏறவில்லை. பின்னால் தன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கிள்ளான் நெருங்கியது.

"அந்தக் கடைசி வளைவுல நீ பிரேக்கே போடலியா?" என்று திடீரென்று கேட்டார்.

"முன்னாடியே போட்டுட்டேங்க."

"ஓ."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அவரே சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டார். மறுநாள் அவருக்கு மத்தியானம்தான் வேலை. நான் கிளம்பும்போது, அவரே வாளிகளை ஏற்றிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஐந்து வருஷத்தில் முதல்முறை. வழி முழுக்க அவர் கண் என் கால்கள் மேலேயே இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பெரிய கடை அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கு எப்படியோ சேதி போயிருந்தது.

"ரேஸுல நம்ம காடி பிச்சி ஒதறிருச்சாமே! நான்தான் அப்பவே சொன்னேனே. நல்ல காடி லா அது."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கமான தலையாட்டலுக்காகக் காத்திருந்தேன். என் கணவர் ஒரு வாளியை இறக்கித் தரையில் வைத்தார்.

"காடி அதேதாண்ணே," என்றார். "நானும் ஓட்டிப் பாத்தேன்."

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனார்.