செங்கமலம் திறந்த பின்வழி

மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் செங்கமலம் பேக்கிங் வேலை பார்த்தாள். 1991 தை மாதம் அங்கே, தீப்பிடித்தால் எப்படித் தப்புவது என்று எல்லோருக்கும் பழக்கிக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அது அரைமணி நேர ஓய்வு. அவளோ வடக்குப்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தன் கூரை வீட்டையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரே வாசல். வாசலை ஒட்டியே அடுப்பு.

"பின்னால சுவத்த ஒடச்சி ஒரு வழி வெக்கணும்" என்றாள் புருஷன் கோபாலிடம்.

"நல்லா கீற சுவத்தயா? ஊரு சிரிக்கும்மே."

"சிரிச்சிகினு போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை அவளே எடுத்தாள். நாலு குத்து விழுந்ததும் கோபால் வெட்கப்பட்டுக் கூட வந்து நின்றான். ஆள் குனிந்து போகுமளவு வழி, அதற்கொரு தகரக் கதவு. பூட்டு கிடையாது, நாலு வயது இளைய மகள் நிலாவுக்கும் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி மட்டும்.

பிறகு வாராவாரம் ஒத்திகை. புகை மேலேதான் நிற்கும் என்பதால் கண்ணை மூடித் தவழ்ந்து, சுவரைத் தடவியபடி வெளியேறி, தெருமுனை அடிபம்பில் போய் நிற்கவேண்டும். எதையும் எடுக்கக் கூடாது. வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக் கூடாது.

"இன்னாடி இது, குடும்பமே தவழுது?" என்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் வேலியோரம் நின்று சிரித்தாள். செங்கமலமும் சிரித்தாள். ஒத்திகையை நிறுத்தவில்லை.

சித்திரையில் ஒரு மதியம், அவள் ஷிப்டில் இருந்தபோது, எதிர்வீட்டு வைக்கோல் போரில் பிடித்த தீ காற்றில் பறந்து அவர்கள் கூரையில் விழுந்தது. நடந்ததெல்லாம் பிறகு மூத்தவள் ரத்னா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிய அப்பாவை ரத்னா உலுக்கி எழுப்பினாள். வாசலில் நெருப்பு. அதற்குள் நிலா தவழ்ந்துபோய்க் கொக்கியைத் தூக்கிவிட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கோபாலுக்குப் பட்டா வைத்த பெட்டி ஞாபகம் வந்தது. திரும்பினான். ரத்னா அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வெளிய வந்தா வந்ததுதான்னு அம்மா சொல்லிச்சில்ல? வா நைனா, பம்புக்கு!"

அவர்கள் பம்பை எட்டுவதற்குள் கூரை உள்ளே சரிந்தது.

சேதி கேட்டு ஓடிவந்த செங்கமலம் புகைந்துகொண்டிருந்த வீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பம்படிக்குப் போனாள். யார் கூப்பிட்டும் நகராமல் மூவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். மூன்று தலைகளையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

ஆவணிக்குள் அந்தத் தெருவில் எல்லாக் கூரை வீடுகளுக்கும் இரண்டு வழி இருந்தது. ஓய்வு நாளில் ஒவ்வொரு வீடாகப் போய், எங்கே கூடுவது என்று பேசிவைத்து, பிள்ளைகளைத் தவழவிட்டுப் பார்த்தவள் செங்கமலம்தான்.